கடைசி வாங்கில் இருந்தவர்

என் அன்பின் அப்பா,

தன்சானியாவை விட்டு நீங்கள் ஏன் ஊருக்குத் திரும்பி வந்தீர்கள்? எனக்குத் தெரியாது. ஐம்பதை நெருங்கும் வயதில், உங்கள் மூத்த மகளாக இருந்துகொண்டு இதைச் சொல்ல ஒரு மாதிரித்தான் இருக்கிறது. நீங்கள் இருந்த காலத்தில் எங்கள் ஒருவருக்கும் அது ஒரு கேள்வியாகவே தோன்றவில்லை. போனீர்கள், வந்தீர்கள், அம்மாவைக் கட்டினீர்கள், நாங்கள் பிறந்தோம். அதில் கேட்க என்ன இருக்கிறது?

இப்போது அதற்கு இரண்டு வரியில் பதில் எழுத வேண்டியிருக்கிறது. அதுவும் நாளைக் காலைக்குள்.

வருகிற ஞாயிறு உங்கள் அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள். மண்டபம் எடுத்தாயிற்று. ஐயருக்குச் சொல்லியாயிற்று. கத்தரிக்காய்ப் பால்கறி கட்டாயம் இருக்க வேண்டும் என்று அம்மா நாலு தரம் சொல்லிவிட்டா. உங்கள் நினைவாக வருகிறவர்களின் கையில் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகம் மட்டும்தான் பாக்கி. தேவாரம் சரி, படங்கள் சரி. உங்கள் வாழ்க்கைக் குறிப்பில்தான் தம்பிக்கும் எனக்கும் இழுபறி.

மார்க்கம் நகரில் இருந்து அவன் அனுப்பிய பிரதியில் ஊர், பிறப்பு, படிப்பு எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. மூன்றாவது பந்தியில் இப்படி ஒரு வசனம்: "இருண்ட கண்டமாம் ஆபிரிக்காவில் அறிவொளி ஏற்றிய ஆசான்." வாசித்த உடனே அவனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"தம்பி, உந்த இருண்ட கண்டம் எங்கையிருந்து வந்தது?"

"அச்சகத்திலை இருந்து. அவையிட்டை ஏற்கெனவே கிடக்கிற வசனம், அக்கா. ஆபிரிக்காவிலை படிப்பிச்ச வாத்திமார் எல்லாருக்கும் உதைத்தான் போடுறவையாம். நைஜீரியா, சாம்பியா, எதுக்கும் சரிவரும்."

"அப்பா ஒளி ஏத்தப் போகேல்லை. கணக்குப் படிப்பிக்கப் போனவர்."

"ரெண்டும் ஒண்டுதானே."

"நீமா அந்தியேட்டிக்கு வாறாள்."

"வரட்டுமன். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதுதானே."

நான் பேசாமல் இருந்தால் தம்பிக்குப் பயம், உங்களுக்குத் தெரியும். "சரி, அப்ப நீயே எழுது. நீதானே யூனிவேர்சிட்டியிலை உதுகளெல்லாம் படிச்சனீ. ஆனா ரெண்டு வரி. அதுக்கு மேலை போனால் மருமக்களின்ரை பேருக்கு இடம் காணாது" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டான்.

அதனால்தான் இந்த வியாழக்கிழமைப் பின்னேரம் ஸ்கார்பரோவின் வெக்ஸ்போர்ட்டில் என் குசினி மேசையில் இருந்து உங்களுக்கு எழுதுகிறேன். உயிரோடு இருந்தபோதே ஒரு கடிதத்துக்கும் நேரத்துக்குப் பதில் போடாதவர் நீங்கள். ஆகவே பெரிய எதிர்பார்ப்பு ஒன்றும் இல்லை.

எனக்கு உறுதியாகத் தெரிந்தது கொஞ்சம். எழுபதுகளின் தொடக்கம். உங்களுக்கு இருபத்தாறு வயது, கையில் ஒரு பட்டம், கழுத்தில் யாரும் இல்லை. மழை குறைந்த ஒரு மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடம். தகரக் கூரை போட்ட ஒரு அறை, ஒற்றைக் கட்டில், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. வீட்டில் தின்ற கோப்பையைக்கூடக் கழுவாத ஒரு யாழ்ப்பாணத்துப் பெடியன் அங்கே சேர்ட்டைத் தானே தோய்த்து, சோற்றைத் தானே காய்ச்சிக்கொண்டு இருந்தான்.

அந்த நாடு விடுதலை அடைந்து பத்து வருடம் அளவில். இனி எங்கள் காலில் நாங்களே நிற்போம் என்று அவர்கள் முடிவெடுத்திருந்த காலம். பள்ளிக்கூடங்களிலும் தோட்டம் செய்தார்கள். உங்களைப் போன்ற வெளிநாட்டு ஆசிரியர்களை ஒப்பந்தத்தில் எடுத்தது, தங்கள் பிள்ளைகள் படித்து அந்த இடத்துக்கு வரும்வரைக்கும்தான். வேண்டாதவராக ஆவதற்காகவே வேலைக்குப் போவது எப்படி இருந்திருக்கும்? இதை நான் யாரிடம் கேட்பது?

பெரியப்பாவிடம் ஒரு பதில் இருந்தது. ஒவ்வொரு கொண்டாட்டத்திலும் சொல்லுவார்: "இவனை அவங்கள் கலைச்சுப்போட்டாங்கள். நன்றியில்லாத சனம். தாங்களே கிழிப்பம் எண்டாங்கள், பிறகு என்னத்தைக் கிழிச்சவங்கள்?" நீங்கள் பக்கத்தில் இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருப்பீர்கள். ஆமென்றும் இல்லை, இல்லையென்றும் இல்லை. உரித்த சுளையை அவரிடமே நீட்டுவீர்கள்.

நானும் ஒருமுறை கிட்டத்தட்ட அதையே வேறு மொழியில் சொன்னேன். பல்கலைக்கழகத்தில் அரசியல் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்த வருடம். நீங்கள் இங்கே வந்து எடுத்த காவலாளி வேலைக்குச் சீருடையோடு வெளிக்கிட்டு நின்றீர்கள். அந்தச் சுயசார்புத் திட்டம் தோற்றுப்போனது என்றேன். சனத்தைப் பலவந்தமாக இடம் மாற்றினார்கள், விளைச்சல் விழுந்தது, கடைசியில் கடன் கொடுத்தவர்களின் சொல்லைத்தான் கேட்க வேண்டி வந்தது என்று ஒவ்வொன்றாக அடுக்கினேன்.

"எங்கட பெடியள் தாங்களே செங்கல் அரிஞ்சு, தாங்களே சுட்டு, ஒரு வகுப்புக் கட்டினவங்கள்" என்றீர்கள். "முதல் மழைக்கு ஒரு பக்கச் சுவர் விழுந்தது. திருப்பிக் கட்டினவங்கள். உது உன்ரை புத்தகத்திலை கிடக்கோ?"

"ஒரு பள்ளிக்கூடம் ஒரு நாடில்லை, அப்பா."

"ஓம்" என்று சொல்லிவிட்டுச் சப்பாத்தின் கயிற்றைக் கட்டினீர்கள். நான் சொன்னதில் இன்றைக்கும் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் நீங்கள் "எங்கட பெடியள்" என்று சொன்னதை அப்போது நான் கவனிக்கவில்லை. எங்களை நீங்கள் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. வெளியாட்களிடம் "பிள்ளைகள்" என்றுதான் சொல்லுவீர்கள், ஏதோ அம்மா கொண்டுவந்தவர்கள் மாதிரி.

இதை வேறு சிலரும் வாசிப்பார்கள். அவர்களுக்காக நீமா யார் என்று சொல்லிவிடுகிறேன். உங்கள் கடைசி இரண்டு வருடமும் ஸ்கார்பரோவில் ஒரு நேர்சிங் ஹோமில் கழிந்தன. அங்கே உங்களைக் குளிக்க வார்த்து, உடுப்பு மாற்றி, சாப்பாட்டைக் கரண்டியால் வாயில் தீத்திய பிள்ளை அவள். தன்சானியாவில் பிறந்து, கைக்குழந்தையாக இங்கே வந்து, பிறம்ரனில் தாயோடு வளர்ந்தவள். வயது இருபத்து நாலு. வேலைக்குக் கிட்ட ஒரு அறை எடுத்துத் தனியே இருக்கிறாள்.

மறதி நோய் உங்களிடம் இருந்து முதலில் எங்கள் பெயர்களை எடுத்தது. பிறகு தமிழைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தது. எடுத்த இடத்தில் கீழே இன்னொரு மொழி கிடந்தது. ஒருநாள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற அம்மாவைப் பார்த்து "கா சினி" என்றீர்கள்.

"சீனி கேக்கிறார் பிள்ளை. ஒரு கரண்டி போட்டால் என்ன வந்திடப் போகுது?" என்று அம்மா தேத்தண்ணீரைத் தேடினா. நீமா விழுந்து விழுந்து சிரித்தாள். சுவாகிலியில் அது, உட்காருங்கள் என்று சொல்வதாம்.

அம்மா உட்கார்ந்தா. "அம்பது வருசத்திலை இண்டைக்குத்தான் என்னை இருக்கச் சொல்லியிருக்கிறார்."

அதற்குப் பிறகு நீங்கள் வாத்தியார் ஆகிவிட்டீர்கள். நீமாவும் உங்களை அப்படியே கூப்பிட்டாள், சுவாகிலியில், "ம்வாலிமு" என்று. அவளுக்குத் தெரிந்தது வீட்டில் புழங்கிய சுவாகிலி மட்டும். விளங்காத இடத்தில் தாயைத் தொலைபேசியில் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, உங்கள் வாய்க்குக் கிட்டப் பிடிப்பாள். தாய்க்குப் பிறம்ரனில் ஒரு பண்டகசாலையில் வேலை. பின்னால் பெட்டிகள் இழுபடும் சத்தம் கேட்கும்.

"யார் இந்த மனிதர்? எங்கள் அதிபர் மாதிரியே அதட்டுகிறார்" என்று தாய் முதல்நாள் சிரித்தா. வெயில் ஏற முன்னம் தோட்டத்துக்குப் போகச்சொல்லி நீங்கள் அவவை விரட்டிக்கொண்டிருந்தீர்களாம். "எங்களுக்குக் காலையில் மண்வெட்டி, அதற்குப் பிறகுதான் புத்தகம். எங்கள் சோளம், எங்கள் சாப்பாடு. யாரிடமும் கையேந்த மாட்டோம் என்று பாட்டு வேறு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "பாதிச் சோளத்தைக் குரங்கு தின்றுவிட்டது" என்றா.

நீங்கள் சிரித்தீர்கள், அப்பா. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு வாய்விட்டு. குரங்குகள் உங்களுக்கு நினைவிருந்தன. என்னை நினைவில்லை.

இன்னொரு நாள், கல்யாணம் கட்டிவிட்டாயா என்று நீமாவிடம் கேட்டீர்கள். "படோ, ம்வாலிமு" என்றாள். இன்னும் இல்லை என்று அர்த்தம். நீங்கள் பெரிய மனதோடு தலையாட்டி, உங்கள் நெஞ்சில் கையை வைத்து, "படோ" என்றீர்கள். அம்மா எதிரே கதிரையில் இருந்து உங்கள் காலுறைகளைச் சோடி சேர்த்துக்கொண்டிருந்தா.

"என்னவாம்?"

நீமா என்னைப் பார்த்தாள். நான் யன்னலைப் பார்த்தேன். அவள் உள்ளதை உள்ளபடி ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாள்.

"கலியாணம் கட்டேல்லையாமோ?" என்றா அம்மா. "நல்லதாப் போச்சு. பொம்பிளை பாக்க வரச்சொல்லு. இந்த முறை சீதனம் ஒரு சதம் குடுக்க மாட்டம் எண்டும் சொல்லு." நீமா சிரித்தாள், நானும் சிரித்தேன். அம்மா எழும்பிக் குளியலறைக்குப் போனா. உள்ளே தண்ணீர் நெடுநேரம் ஓடியது.

அந்த ஊரில் இந்தக் கேள்விக்கு இல்லை என்று ஒருவரும் சொல்வதில்லையாம். எண்பது வயதானாலும் "படோ" தானாம். கேட்டவருக்கும் நோகாது, சொன்னவருக்கும் குறைவில்லை என்று நீமா விளக்கினாள். எனக்கு உடனே கல்யாண மண்டபங்கள் ஞாபகம் வந்தன. "மூத்தவளுக்கு ஒண்டும் சரிவரேல்லையோ?" என்று யாராவது ஒரு அன்ரி உங்களிடம் கேட்பா. நீங்கள் "இன்னும் இல்லை" என்பீர்கள். இருபது வருடமாக அதே சொல், அதே குரல். சாதகத்தைச் சாட்டியதில்லை, என்னைச் சாட்டியதில்லை. காத்திருப்பதாகத்தானே அர்த்தம் என்று எனக்கு அந்த நேரங்களில் எரிச்சல் வரும். நீங்கள் எந்த மொழியில் அதைச் சொன்னீர்கள்? ஒருவேளை நான் ஆறுதலுக்காக இப்போது இட்டுக்கட்டுகிறேனோ?

இனிக் கரண்டியின் கதை.

உங்கள் கடைசி மாரிக் குளிர்காலம். மத்தியானச் சாப்பாடு. நீமாவுக்கு வேறு அறையில் வேலை வந்ததால் நான் தீத்திக்கொண்டிருந்தேன். நீங்கள் என் கையில் இருந்து கரண்டியை வாங்கி, காம்பை மூன்று விரலால் பிடித்தீர்கள், கரும்பலகையில் எழுத வெண்கட்டி பிடிப்பது போல. என் முகத்தைப் பார்த்தீர்கள். மகளைப் பார்க்கிற பார்வை இல்லை அது. மதிக்கிற ஒரு இளம் ஆளைப் பார்க்கிற பார்வை. வகுப்பில் பேசுகிற சுத்தமான ஆங்கிலத்தில் சொன்னீர்கள்: இனி நீ வகுப்பை எடு, நான் பின்னால் போய் இருக்கிறேன்.

கரண்டியை என்னிடம் நீட்டினீர்கள். நான் பிடித்தேன். நீங்கள் விடவில்லை.

முகம் முழுக்கச் சந்தோசம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வாழ்நாளில் அப்படி ஒரு முகத்தை உங்களிடம் நான் கண்டதில்லை, என் பட்டமளிப்பிலும் இல்லை. ஆனால் விரல்கள் விடவில்லை. எடு, எடு என்று வாய் சொல்கிறது, கை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சாப்பாடு ஆறும்வரைக்கும் இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையில் இருந்தோம். பிறகு நீங்களாகவே விட்டுவிட்டு, பின்னால் சாய்ந்து, கைகளைக் கட்டி, கண்ணை மூடிக்கொண்டீர்கள். நான் என்ன பாடம் எடுக்க வேண்டுமென்று சொல்லவில்லை.

எனக்கு ஆவிகளில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் இந்த ஒரு மாதமாக, கோப்பிக்குச் சீனி கலக்கக் கரண்டியை எடுத்தால் மறுமுனையில் ஒரு இழுவை இருக்கிறது.

உங்களை யாரும் அங்கிருந்து துரத்திக் கலைக்கவில்லை என்று அன்றைக்கு நினைத்தேன். உங்கள் மாணவன் ஒருவன் ஆசிரியனாகத் திரும்பி வந்திருக்கிறான், நீங்கள் வகுப்பைக் கொடுத்துவிட்டு, மாணவர்கள் இருக்கிற கடைசி வாங்கில் போய் இருந்திருக்கிறீர்கள். பெரியப்பா சொன்னதை விட இது நல்ல கதை. ஆனால் அந்த விரல்கள்? நில்லுங்கோ என்று யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் நின்றிருப்பீர்களா? நின்றிருந்தால் அம்மா வேறு ஒருவரைக் கட்டியிருப்பா. நான் இல்லை, தம்பி இல்லை, மருமக்களின் பெயர் போட இடம் காணாத பிரச்சினையும் இல்லை. இல்லாமல் போயிருக்கக்கூடிய நான், நீங்கள் ஏன் வந்தீர்கள் என்று கேட்கிறேன். பதிலில் எனக்குப் பங்கு இருக்கிறது, பயமும் இருக்கிறது.

நான் இந்தத் தொடர்மாடி வீட்டுக்குத் தனியே வந்தபோது எனக்கு முப்பத்து மூன்று வயது. குமர்ப்பிள்ளை வீட்டை விட்டுப் போகிறாள் என்று எல்லாரும் குதித்தார்கள். நீங்கள் ஒரு வாரம் கழித்து ஒரு சட்டியோடும் ஒரு பை வெள்ளைச் சோளமாவோடும் வந்தீர்கள். எங்கள் வீட்டில் இடைக்கிடை நீங்களே கிண்டி, நீங்களே பசளிக் கீரையோடு தின்று, நீங்களே சட்டி கழுவி வைக்கிற அந்தத் தன்சானியாக் களி. அம்மா அதற்கு வைத்த பெயர் "உங்கட பசை".

குசினியைப் பார்த்தீர்கள். கட்டிலைப் பார்த்தீர்கள். "ஒரு ஆளுக்கு நல்ல இடம்" என்றீர்கள். பிறகு யன்னலடியில் போய் நின்றீர்கள். கீழே வாகனத் தரிப்பிடத்தைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. அவ்வளவு நேரம் அங்கே எதைப் பார்த்தீர்கள்? என்னை நினைத்துக் கவலைப்படுகிறீர்கள் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் அது பொறாமை போலவும் இருக்கிறது.

இரண்டு வரி எழுதிவிட்டேன். ஒளியும் இல்லை, இருட்டும் இல்லை. அவை உண்மையா என்று எனக்கே தெரியாது. நாளைக்குக் கொண்டுபோகிறேன்.

*

மறுநாள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

தம்பி லீவு போட்டுவிட்டு வந்தான். அம்மாவும் வருவேன் என்று நின்றா. அச்சகம், உங்களுக்குத் தெரிந்த அந்தப் பிளாசாவில், கொத்துரொட்டிக் கடைக்குப் பக்கத்தில்தான். அச்சகக்காரர் கணினியைத் திருப்பிக் காட்டினார். இருண்ட கண்டம் அப்படியே இருந்தது. என் தாளை வாங்கிச் சத்தமாக வாசித்தார்: "தன்சானியாவில் கணிதம் கற்பித்தார். அவருடைய மாணவர் ஒருவர் ஆசிரியராகத் திரும்பி வந்ததும், வகுப்பை அவரிடம் கொடுத்துவிட்டுக் கடைசி வாங்கில் இருந்தார்."

"இவ்வளவுந்தானோ, அக்கா? வெறுமையாக் கிடக்கு. ஒளி எண்டு ஒரு சொல்லாவது…"

"அதைத்தான் நானும் சொன்னனான்" என்றான் தம்பி.

"வயசைப் போடுங்கோ" என்றா அம்மா. நாங்கள் மூன்று பேரும் திரும்பிப் பார்த்தோம். "இருபத்தாறு வயசு. கலியாணம் கட்டாத பெடியன் எண்டும் போடுங்கோ."

"அம்மா, கல்வெட்டிலை ஆரும் உப்பிடிப் போடுறேல்லை."

"மற்ற எல்லாப் பக்கத்திலையும் என்னைப் போட்டிருக்கிறாய்தானே. தன்சானியாவிலை நான் இல்லை. அந்த இடத்திலை அவர் தனிய இருக்கட்டும்."

அச்சகக்காரர் தட்டினார்: "இருபத்தாறு வயதில், மணமாகாத இளைஞனாக." மூன்று வரி வந்துவிட்டது. உங்கள் படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கி மருமக்களுக்கு இடம் எடுத்தார்கள்.

திரும்பி வரும்போது காரில் அம்மாவிடம் கேட்டேன். வாழ்நாளில் முதல் தடவையாக. "அவர் ஏன் அங்கையிருந்து வந்தவர்?"

"கட்டின புதிசிலை நானும் கேட்டனான்."

"என்ன சொன்னவர்?"

"வேலை முடிஞ்சுது எண்டார்."

"வேறை?"

"வேறை ஒண்டும் இல்லை. ஆனா அண்டைக்கு அவர் சாப்பிடேல்லை." அம்மா சீற் பெல்ற்றை ஒருக்கா இழுத்துச் சரிசெய்தா. "பிறகு நான் கேக்கேல்லை."

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கத்தைத் திறந்து நீமாவுக்கு ஒவ்வொரு சொல்லாக மொழிபெயர்த்துச் சொல்வேன், அப்பா. பிறகு ஏன் வந்தார் என்று அவள் கேட்பாள். அவள் கேட்காமல் விடுகிறவள் இல்லை. தெரியாது என்று சொல்லமாட்டேன். படோ என்பேன்.

வெக்ஸ்போர்ட்டில் இருந்து,
உங்கள் மூத்தவள்